ஓடுபாதைப் பக்கத்துக் கதவு

விமான நிலையத்து ஓரத்தில் இருக்கும் டெல்ஃபினாவின் சாப்பாட்டுக் கடைக்கு இரண்டு வாசல். காரில் வருகிறவன் தெருப் பக்கத்து வாசலில் வர வேண்டும். விமானத்தில் வருகிறவன் ஓடுபாதைப் பக்கத்து வாசலில் வர வேண்டும். மாற்றி வந்தால் தொலைந்தான். எங்கள் ஊர் மேயரே ஒருநாள் பனிக்குப் பயந்து குறுக்கே நடந்து ஓடுபாதைப் பக்கம் வந்துவிட்டார். டெல்ஃபினா கரண்டியோடு வந்து வழியை மறித்துக்கொண்டாள்.

"எதுல வந்தீங்க?"

"கார்லதான். என்னம்மா இது, முழங்கால் வரைக்கும் பனி!"

"கார்லதானே? அப்ப அந்தப் பக்கம் போங்க. மேயர்னா றெக்கை முளைச்சிருக்கா?"

மனிதர் சுற்றிக்கொண்டு போனார். நான் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தேன்.

ஓடுபாதைப் பக்கத்துக் கதவில் ஒரு பழைய மாட்டு மணி தொங்கும். கதவைத் திறந்தால் கணகணவென்று அடிக்கும். உடனே சமையல்கட்டிலிருந்து டெல்ஃபினாவின் குரல் வரும்: "எங்கேர்ந்து? எத்தனை பேரு?" வந்தவர் அங்கேயே நின்று கத்த வேண்டும்: "அமரில்லோ! நாலு பேரு!" என்றோ, "விச்சிட்டா! ரெண்டு பேரு!" என்றோ. அவள் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. எண்ணிக்கை காதில் விழுந்ததும் கல்லில் முட்டை விழும். பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

அவள் மட்டும் அந்த இரண்டு கதவிலும் வருவதில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு உண்டு, அதுதான் அவள் வழி. ஓடுபாதைக் கதவின் கண்ணாடியைத் துடைக்க வேண்டுமென்றாலும் பின்பக்கமாக இறங்கி, கட்டடத்தைச் சுற்றிப் போய், வெளியே நின்று துடைத்துவிட்டு, மறுபடி சுற்றிக்கொண்டு வருவாள். பார்க்கிற எனக்கே கால் வலிக்கும்.

"உன் கடை, உன் கதவு. திறந்துகிட்டு வந்தா யாரு உன்னைத் தூக்குல போடப் போறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் எதுல வந்தேன் வெர்ன்? பழைய பிக்கப் வண்டியில. அப்புறம் என்ன?"

வெர்ன் என்பது நான்தான். கொலராடோ மலைக்கு நடுவே, ஒன்பதாயிரம் அடிக்கு மேலே கிடக்கும் இந்த பியெத்ரா ஆல்ட்டா விமான நிலையத்தில் பெட்ரோல் போடுவது, பனி தள்ளுவது, விளக்கு மாற்றுவது, மான் விரட்டுவது எல்லாம் நான். சம்பளம் மட்டும் ஒரே ஆளுக்கு.

இங்கே பெரிய விமானம் வராது. சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கும் ஆட்கள்தான் வருவார்கள். அவர்களுக்குப் பறக்க ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். ஒரு டாங்க் பெட்ரோலை எரித்து வந்து, பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய ஒரு புரிட்டோ ரொட்டிச் சுருளைச் சாப்பிட்டுவிட்டு, அதே மாதிரி எரித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். பைத்தியக்காரக் கூட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் குழம்பைச் சாப்பிட்ட பிறகு நினைப்பை மாற்றிக்கொண்டேன். முதல் நாள் சாயங்காலமே பன்றிக்கறியும் பீன்ஸும் அடுப்பில் ஏறிவிடும். எங்கள் உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் உள்ளே போட்டது வேகாது. அவசரக்காரனுக்கு இங்கே சமையல் வராது.

சமையலுக்கு மட்டுமல்ல, பறப்பதற்கும் அப்படித்தான். விடியற்காலையில் காற்று கனமாக, கெட்டியாக இருக்கும். விமானம் ஜம்மென்று எழும்பும். வெயில் ஏற ஏறக் காற்று மெலிந்துபோகும். நண்பகலில், மூக்கு முட்டச் சாப்பிட்ட நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓடினால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், தரை விடாது. அதனால் எங்கள் கடையில் கூட்டமெல்லாம் காலையில்தான். பதினோரு மணிக்குள் தின்றோமா, கிளம்பினோமா என்று இருக்க வேண்டும்.

லாமார் பிட்ஸ் அப்படி இருக்கவில்லை. அமரில்லோக்காரர். மாட்டுத் தீவன வியாபாரி. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். முதல் தடவை மனைவியையும் இரண்டு மச்சான்களையும் கூட்டிக்கொண்டு வந்து, ஆளுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டு, ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிட்டு நண்பகலில் கிளம்பினார். விமானம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஓடுபாதை தீரும் முன்னால் பிரேக்கைப் போட்டாரே, அந்த மட்டும் புத்தி இருந்தது. முகம் வெளிறிப்போய் நாலு பேரும் கடைக்குள் திரும்பி வந்தார்கள். மணி அடித்தது.

"எங்கேர்ந்து?"

"இங்கேர்ந்துதாம்மா. எழும்பலை," என்றார் லாமார்.

கடை முழுக்கச் சிரித்தது. டெல்ஃபினா சிரிக்கவில்லை. சுட்ட பச்சை மிளகாய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். "சாயங்காலம் குளிர்ந்தாத்தான் போக முடியும். அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்க இது பார்க்கா? குழம்புக்கு இதோட கருகின தோலை உரிங்க."

அந்தக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு லாமார் அழுத அழுகை இருக்கிறதே! அன்றிலிருந்து அது கடையின் வழக்கமாகிவிட்டது. நேரம் தப்பி மாட்டிக்கொண்டவன் மிளகாய் உரிக்க வேண்டும். மருத்துவர், வக்கீல், பாதிரியார் எல்லாரும் உரித்திருக்கிறார்கள். உரித்தவர்கள்தான் மறுபடி மறுபடி வருகிறார்கள், அது என்ன மாயமோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டெல்ஃபினாவுக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்துவிட்டது.

எங்கள் நிலையத்தில் நெட் ஹால்வர்சன் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தான். ஆறடி உயரம், சாது. இரண்டு இருக்கை உள்ள ஒரு பழைய விமானத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பான். போன குளிர்காலத்தில் டெல்ஃபினா கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஒருநாள் அவன் விளையாட்டாக, "வாங்களேன், ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்," என்றான். போனாள். இறங்கி வந்தவள் அன்று முழுக்கப் பேசவில்லை. நான் பயந்தே போய்விட்டேன், அவளாவது வாயை மூடுவதாவது! மறுநாள் காலையில் காபியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வெர்ன், நான் கத்துக்கப் போறேன்."

"உனக்கென்ன கிறுக்கா? வயசு அறுபத்தொண்ணு!"

"அறுபத்தொண்ணுல அடுப்புல நிக்கலாம், விமானத்துல உக்காரக் கூடாதா? நிக்கிறதுதான்யா கஷ்டம். அது உக்காந்து பண்ற வேலை."

காபியைக் குடித்துவிட்டுப் பனி தள்ளப் போனேன்.

ஒற்றைக்காலில் நின்று கற்றுக்கொண்டாள். குளிர்காலத்தில் காற்று நாள் முழுக்கக் கெட்டியாக இருக்கும், கடையும் காலி. மதியத்தில் அவளும் நெட்டும் ஏறிப் போவார்கள். வசந்தம் வருவதற்குள் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. நெட் கீழே இறங்கி நிற்க, அவள் தன்னந்தனியாக ஏறி, மூன்று சுற்று சுற்றி, மூன்று தடவை இறக்க வேண்டும். அதைச் செய்தால்தான் அவளும் ஒரு விமானி. அதைச் செய்யாதவரை, என்ன படித்தாலும் கூடப் போன பயணிதான். நெட்டோடு பறந்து இறங்கின நாளிலும் அவள் தகரக் கதவில்தான் நுழைந்தாள், அதைத் தானாக வந்த கணக்கில் அவள் சேர்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோடை வந்து தொலைத்தது. நல்ல காற்று காலையில். காலையில் கடை நிறையக் கூட்டம். கூட்டம் போன பிறகு பார்த்தால் வெயில். சாயங்காலம் குளிர்ந்தால் மறுநாள் குழம்பு அடுப்பில் ஏற வேண்டும். நெட் ஆறடி, டெல்ஃபினாவோ தன் சமையலுக்குத் தானே சாட்சி. அந்த இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு அந்தக் கிழட்டு விமானம் மதியத்தில் எழும்புமா? எப்போதாவது ஒரு சாயங்காலம் அவசரமாக ஒரு சுற்று என்று ஏதோ கை மறக்காமல் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். யார் யாரோ பறந்து வந்து தின்பதற்காக அவள் தரையில் நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஒரு காலையில கடையை மூடேன்!" என்று கத்தினேன்.

"இருநூறு மைல் பசியோட வர்றவன்கிட்ட பூட்டைக் காட்டச் சொல்றியா? போய்யா."

செப்டம்பர் கடைசியில் நெட்டுக்குச் சமவெளியில் ஒரு விமானக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். பயிற்சி விமானத்தையும் விற்றுவிட்டான், வாங்கியவன் அன்றே எடுத்துப் போகிறான். அவன் போனால் இந்தப் பள்ளத்தாக்கில் வேறு பயிற்சியாளர் கிடையாது. வியாழன் மழை. வெள்ளி பேய்க்காற்று. மிச்சம் சனிக்கிழமை காலை மட்டும்.

அந்தச் சனிக்கிழமை எப்படிப்பட்டது தெரியுமா? மலையில் ஆஸ்பென் மரமெல்லாம் மஞ்சளாகிற வாரம். அதைப் பார்க்க நாலு மாநிலத்திலிருந்தும் கிளம்பி வருவார்கள். வருடத்திலேயே பெரிய கூட்டம் அன்றுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் மிளகாய்க் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள், "விடு வெர்ன். கத்துக்கிட்டேன்ல, அது போதும்." குழம்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அது போதாது என்று எனக்குத் தெரியும். எதையோ திட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்தது. ஒரு பொட்டு காற்று இல்லை. வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் இறங்கின. மணி ஓயாமல் அடித்தது. "எங்கேர்ந்து? எத்தனை பேரு?" "சான்ட்டா ஃபே, மூணு!" "புவெப்லோ, ரெண்டு!" நான் பெட்ரோல் போட்டுவிட்டு ஒரு காபிக்காக உள்ளே வந்தேன். நெட் தகரக் கதவுப் பக்கம் வந்து நின்றான்.

"டெல்ஃபினா, வாங்க. இதைவிட நல்ல காத்து கிடைக்காது."

"கண்ணு தெரியலயா? உள்ள முப்பது வயிறு காத்துக்கிட்டிருக்கு. நீ போய் உன் பெட்டியைக் கட்டு."

அவன் நகரவில்லை. இவளும் திரும்பவில்லை. கல்லில் முட்டை மட்டும் பொரிந்தது. அப்போது பரிமாறும் ஜன்னல் வழியே ஒரு பெரிய தலை எட்டிப் பார்த்தது. லாமார் பிட்ஸ்.

"என்ன காத்து? என்ன பெட்டி? என்ன நடக்குது இங்க?"

அவள் முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல, உக்காருங்க," என்றாள். என்னால் வாயை அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாளைக்கு நெட் போகிறான், இன்றைக்கு விட்டால் இவளுக்கு இனிமேல் கிடையாது, உங்கள் பாழாய்ப்போன வயிற்றுக்காக இவள் ஒரு கோடை முழுக்கத் தரையில் நின்றாள் என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். முட்கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

லாமார் நேராகச் சமையல்கட்டுக்குள் வந்தார். அங்கே யாரும் காலை வைத்ததில்லை. "அந்த ஏப்ரனைக் கழட்டும்மா."

"என்னது?"

"கழட்டுன்னேன். அந்த மேஜையில உக்காந்து அரை நாள் மிளகாய் உரிச்சவன் நான். நீ சமைக்கிறதை அங்கேர்ந்தே பாத்திருக்கேன். யாருப்பா இங்க மிளகாய் உரிச்சவங்க? எந்திரிங்க!"

பாதிக் கடை எழுந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல் மருத்துவர் ஒருவர் வெங்காயத்தின் பக்கம் போனார். விச்சிட்டாப் பெண் ஒருத்தி காபிக் குடுவையைத் தூக்கிக்கொண்டாள். "பேன்கேக் யாரு?" என்று லாமார் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நானா? நான் தண்ணியைக்கூடக் கருக விடுவேன்!"

டெல்ஃபினா ஏப்ரனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "மாவுல சோடாவைக் கம்மியாப் போடு வெர்ன். இங்க பொங்கிப் பொங்கி அமுங்கிடும். அப்புறம் குழம்பு அடி பிடிக்காம…"

"போ!" என்று கடையே கத்தியது. ஏப்ரனை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

கடையில் ஒரு ரேடியோ உண்டு. விமானிகள் பேசுவதெல்லாம் அதில் கேட்கும். முதலில் நெட்டோடு இரண்டு சுற்று. பிறகு விமானம் ஓரமாக நின்றது, நெட் இறங்கினான், கதவைச் சாத்தினான், இரண்டு அடி பின்னால் வந்து தொப்பியைக் கழற்றினான். எல்லாரும் ஜன்னலில் அப்பிக்கொண்டோம். ரேடியோவில் அவள் குரல் வந்தது, மணிக்குப் பதில் சொல்கிற அதே குரல்தான், கொஞ்சம் நடுங்கியது: "பியெத்ரா ஆல்ட்டா, கிளம்பறேன்."

கிளம்பினாள் பாருங்கள்! ஆறடி ஆள் இறங்கிவிட்டான் இல்லையா, அந்தக் கிழட்டு விமானம் பாதி ஓடுபாதைகூட ஓடவில்லை, துள்ளிக்கொண்டு மேலே போனது. "அம்மாடி!" என்று ரேடியோவில் ஒரு சத்தம். கடை கைதட்டிக் கூச்சலிட்டது. லாமார் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார்.

சுற்றி வந்து இறங்கக் கோணம் பிடித்தாள். அழகாகத்தான் வந்தாள். அந்த நேரத்தில், எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு மான் கூட்டம் ஓடுபாதையில் ஏறியது. பத்துப் பன்னிரண்டு இருக்கும். நடுவில் வந்து நின்றுகொண்டு ஆடி அசைந்து பார்க்கிறது! இவ்வளவு தாழ வந்த பிறகு எங்கள் உயரத்தில் மறுபடி மேலே ஏற்றுவது சாதாரணக் காரியம் இல்லை. ஓடுபாதை முடிந்த இடத்தில் பைன் காடு நிற்கிறது. நெட்டின் கையில் ஒரு வாக்கிடாக்கி இருந்தது. அவன் அதை அழுத்தவில்லை. அவனாவது பேசியிருக்கலாமே என்று பல்லைக் கடித்தேன்.

ரேடியோவில் அவளே பேசினாள். "இறங்கலை. மேல போறேன்."

எஞ்சின் உறுமியது. அவள் அவசரப்படவில்லை, மூக்கைச் சட்டென்று தூக்கவில்லை. தாழ்வாகவே போய் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஏறினாள். பைன் மரங்கள் அவளுக்குக் கீழே போனபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் மானை விரட்டுவது என் வேலை என்பதும் ஞாபகம் வந்தது. இடுப்பில் ஏப்ரனோடு, கையில் கரண்டியோடு ஓடிப்போய் பிக்கப்பில் ஏறினேன். ஹாரனை அமுக்கிக்கொண்டு, ஜன்னல் வழியே கரண்டியை ஆட்டிக்கொண்டு, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி விரட்டினேன். வண்டி ரேடியோவில் மேலிருந்து அதட்டல் வந்தது.

"வெர்ன்! இடப்பக்கம் ரெண்டு நிக்குது பாரு! அதையும் ஓட்டு!"

"ஓட்டறேன், ஓட்டறேன்!"

"நீ இங்க இருந்தா அடுப்புல யாரு? என் சமையக்கட்டுலேர்ந்து ஏன்யா கருப்பாப் புகை வருது?"

திரும்பிப் பார்த்தேன். என் பேன்கேக். வழியில் எங்கோ பறந்துகொண்டிருந்த யாரோ ஒருவர் நடுவில் புகுந்து, "பியெத்ரா ஆல்ட்டா, இன்னிக்குச் சாப்பாடு உண்டா, இல்ல திரும்பிடட்டுமா?" என்று கேட்டார்.

"வாங்க, வாங்க, உண்டு!" என்றாள் டெல்ஃபினா, ஆகாயத்திலிருந்தே.

அதற்குப் பிறகு அவள் இறக்கினாளே! சக்கரம் தரையைத் தொட்டதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று. மறுபடி ஏறினாள், இரண்டு. மூன்றாவதில் கொஞ்சம் குதித்தது, அதனால் என்ன, நான் பார்த்த பெரிய பெரிய ஆட்களெல்லாம் தவளை மாதிரி குதித்திருக்கிறார்கள்.

விமானத்தை நிறுத்தினாள். நெட் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் என்னவோ சொன்னான், அவள் காதில் ஏறினதாகத் தெரியவில்லை. அவள் கண் புகையில் இருந்தது. இறங்கினவள் விடுவிடுவென்று நடந்து, வழக்கம்போலக் கட்டடத்தைச் சுற்றித் தகரக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"ஏய்!" என்று பிக்கப்பிலிருந்து குதித்தேன். "எங்க போற?"

"அடுப்பு கருகுதுய்யா!"

"கருகட்டும்! நீ எதுல வந்த?"

நின்றாள். என்னைப் பார்த்தாள். விமானத்தைப் பார்த்தாள். ஜன்னலில் அப்பியிருந்த அத்தனை முகத்தையும் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எல்லாரும் கையை நீட்டி அந்தக் கதவைக் காட்டினார்கள். பத்தொன்பது வருடம் அவளே துடைத்த கண்ணாடி.

மெதுவாக வந்தாள். சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டாள், கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி. கதவைத் தள்ளினாள். மணி கணகணவென்று அடித்தது. பரிமாறும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், புகைக்கு நடுவிலிருந்து, லாமார் முகத்தைக் காட்டாமல் கத்தினார்:

"எங்கேர்ந்து? எத்தனை பேரு?"

டெல்ஃபினாவுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மேயரையே விரட்டிய வாய். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. எனக்கும் ஓடியது. வெங்காயம் நறுக்கின பல் மருத்துவருக்கும் ஓடியது, அவருக்காவது ஒரு சாக்கு இருந்தது.

"எங்கேர்ந்துன்னு கேட்டேன்!" லாமாரின் குரலும் உடைந்திருந்தது.

"இங்கேர்ந்துதான்யா," என்றாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு, சமையல்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஒரே ஆளு!"

கல்லில் ஒரு முட்டை விழுந்தது.